டிடிஜிஎஸ் வைத்தால் தாது உப்பு வேண்டாமா?

கேள்வி: சென்னிமலைக்குத் தெற்கே, நொய்யலை ஒட்டி எங்கள் தோட்டம். ஐந்து கலப்பின ஜெர்சிக் கறவைகள், எட்டு வெள்ளாட்டுக் கிடாய்கள் இருக்கின்றன. புண்ணாக்கு விலை ஏறியதால் ஒரு வருடமாக மக்காச்சோள டிடிஜிஎஸ் (எத்தனால் ஆலையில் மிஞ்சும் உலர்ந்த சக்கை) வாங்குகிறோம். 12 லிட்டர் கறக்கும் மாட்டுக்கு ஒரு நாளைக்கு 3 கிலோ டிடிஜிஎஸ், 2 கிலோ கோதுமைத் தவிடு, 20 கிலோ கோ-4 புல், 4 கிலோ சோளத்தட்டு வைக்கிறோம். டிடிஜிஎஸ்ஸில் தாது உப்பு ஏராளம், தனியாக எதுவும் போட வேண்டாம் என்று தீவனக் கடையில் சொன்னார்கள். அதனால் தாது உப்புக் கலவையை நிறுத்திவிட்டோம். மூன்றாவது ஈத்து மாடு ஒன்று கன்று போட்ட மறுநாள் எழ முடியாமல் படுத்துவிட்டது. டாக்டர் வந்து நரம்பில் கால்சியம் ஏற்றிய பிறகுதான் எழுந்தது. இரண்டு மாடுகள் ஊசி போட்டும் சினை நிற்கவில்லை. கறுப்பு மாட்டின் மயிர் செம்பட்டையாகிவிட்டது. கிடாய்களுக்கும் 300 கிராம் டிடிஜிஎஸ், 200 கிராம் தவிடு வைத்தோம். இரண்டுக்கு மூத்திரம் அடைத்து, ஒன்று செத்துவிட்டது. போர்த் தண்ணீரைப் பரிசோதித்ததில் சல்பேட் லிட்டருக்கு 900 மில்லிகிராம் என்று வந்தது. இதெல்லாம் டிடிஜிஎஸ்ஸால் வந்ததா? நிறுத்திவிடலாமா? கரும்பாலையோடு சேர்ந்த சாராய ஆலையிலிருந்து கெட்டியான கறுப்புப் பாகு மலிவாகக் கிடைக்கிறதாம். அதைத் தட்டின் மேல் தெளித்து வைக்கலாமா?

பதில்: டிடிஜிஎஸ்ஸை நிறுத்த வேண்டாம், அளவைக் குறையுங்கள். தாது உப்புக் கலவையை நாளைக்கே மறுபடி ஆரம்பியுங்கள், அதோடு கால்சியத்துக்காகக் கால்சைட் என்ற கல்பொடியும் சேருங்கள். கறுப்புப் பாகு வேண்டவே வேண்டாம்.

கடையில் சொன்னது முழுப் பொய் அல்ல, அதனால்தான் பலரும் நம்பிவிடுகிறார்கள். டிடிஜிஎஸ்ஸில் தாது நிறைய இருப்பது உண்மைதான். ஆனால் அது எந்தத் தாது, அதில் எவ்வளவு மாட்டின் உடம்பில் சேரும், சேர்வது எதைத் தடுக்கும் என்பதையெல்லாம் பார்க்காமல் "ஏராளம்" என்று சொல்லிவிட முடியாது.

எத்தனால் ஆலையில் மக்காச்சோளத்தின் மாவுச்சத்து முழுவதும் சாராயமாகவும் கரியமில வாயுவாகவும் போய்விடும். 100 கிலோ மக்காச்சோளம் போட்டால் கடைசியில் உலர்ந்து மிஞ்சுவது சுமார் 30 கிலோ. மாவுச்சத்து போனதால் மற்றதெல்லாம் ஏறக்குறைய மூன்று மடங்கு செறிந்துவிடுகிறது. மக்காச்சோளத்தில் 0.28 சதவீதம் இருக்கும் பாஸ்பரஸ் டிடிஜிஎஸ்ஸில் 0.8 சதவீதம் ஆகிறது. கால்சியமும் மூன்று மடங்காகத்தான் செய்யும். ஆனால் மக்காச்சோளத்திலேயே அது 0.02 சதவீதம்தான், மூன்றால் பெருக்கினாலும் 0.06ஐத் தாண்டாது. ஒரு கிலோ டிடிஜிஎஸ்ஸில் பாஸ்பரஸ் 8 கிராம், கால்சியம் அரை கிராம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி இந்த இரண்டு எண்ணிலேயே இருக்கிறது.

பாஸ்பரஸின் அளவு மட்டுமல்ல, தன்மையும் மாறுகிறது. தானியத்தில் பாஸ்பரஸின் பெரும்பகுதி பைட்டேட் என்ற கட்டுக்குள் அடைபட்டிருக்கும். கோழிக்கும் பன்றிக்கும் அந்தக் கட்டை அவிழ்க்கும் நொதி போதிய அளவு கிடையாது, அதனால் பெரும்பகுதி எச்சத்தோடு வெளியே போய்விடும். ஆலையில் ஈஸ்ட் புளிக்க வைக்கும்போதும், பிறகு சூடாக்கி உலர்த்தும்போதும் அந்தக் கட்டு ஓரளவு உடைகிறது. அதனால் டிடிஜிஎஸ்ஸின் பாஸ்பரஸில் பாதிக்கு மேல் கோழிக்கே கிடைக்கும். மாட்டின் முதல் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் பைட்டேட்டைத் தாமே உடைத்துவிடும், ஆகவே மாட்டுக்குக் கிட்டத்தட்ட எல்லாமே கிடைக்கும். எளிதில் சேரும் பாஸ்பரஸ் என்று கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. உங்கள் கட்டுத்தரையில் தொல்லையே அதுதான், ஏற்கெனவே மிதமிஞ்சிப் போய்க்கொண்டிருக்கிறது.

நீங்கள் எழுதிய தீவனத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 400 கிலோ எடையுள்ள, 4 சதவீதக் கொழுப்போடு 12 லிட்டர் கறக்கும் மாட்டுக்கு ஒரு நாளைக்குத் தோராயமாக 55 கிராம் கால்சியமும் 35 கிராம் பாஸ்பரஸும் வேண்டும். உங்கள் தீவனத்தில் டிடிஜிஎஸ் 24 கிராம் பாஸ்பரஸ் தருகிறது. கோதுமைத் தவிட்டில் கிலோவுக்கு 10 கிராம், ஆக 2 கிலோவுக்கு 20. கோ-4 புல்லில் 10, தட்டில் 4. மொத்தம் 58 கிராம். கால்சியமோ டிடிஜிஎஸ்ஸிலிருந்து ஒன்றரை, தவிட்டிலிருந்து இரண்டரை, புல்லிலிருந்து 16, தட்டிலிருந்து 14 என்று மொத்தம் 34 கிராம்தான். பாஸ்பரஸை விட ஒன்றரை மடங்கு கால்சியம் இருக்க வேண்டிய இடத்தில் கணக்கு தலைகீழாக நிற்கிறது. டிடிஜிஎஸ், தவிடு இரண்டுமே பாஸ்பரஸ் மிகுந்தவை. இரண்டையும் சேர்த்துக் கொடுத்ததுதான் இந்த அளவுக்குக் கொண்டுவந்தது. கோதுமைத் தவிட்டுக்குப் பதில் அரிசித் தவிடு வைத்தாலும் கதை மாறாது, இன்னும் கூடும்.

அந்த 34 கிராமும் முழுதாகச் சேராது. கோ-4 போன்ற கம்பு நேப்பியர் இனப் புற்களில் ஆக்சலேட் உண்டு, அது கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். தொடர்ந்து அந்தப் புல்லையே தின்று பழகிய மாட்டின் வயிற்றில் ஆக்சலேட்டைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் பெருகிக்கொள்ளும் என்றாலும், இழப்பு இருக்கத்தான் செய்யும். 25, 30 நாளில் இளசாக அறுத்தால் ஆக்சலேட் கூடுதல். 45 நாள் விட்டு அறுங்கள். கட்டுத்தரைக் கழுவு நீரையே நாள்தோறும் புல்லுக்குப் பாய்ச்சினால் புல்லில் பொட்டாசியம் ஏறும். சினை மாட்டுக்கு அது நல்லதல்ல, காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

கன்று போட்ட மறுநாள் மாடு படுத்தது பால் காய்ச்சல். நரம்பில் கால்சியம் ஏற்றியதும் எழுந்ததே அதற்குச் சான்று. கன்று போட்டதும் சீம்பாலில் திடீரென்று நிறையக் கால்சியம் இறங்கும். அந்த நேரத்தில் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கவும், குடலிலிருந்து கூடுதலாக உறிஞ்சவும் உடம்பு ஆயத்தமாக இருக்க வேண்டும். சினையின் கடைசி மாதத்தில் நாளொன்றுக்கு 80 கிராமுக்கு மேல் பாஸ்பரஸ் போனால், வைட்டமின் டி அதன் செயல்படும் வடிவத்துக்கு மாறுவது தடைபடும், கால்சியம் உறிஞ்சுவதும் குறையும். புல்லில் மிகுந்த பொட்டாசியம் இரத்தத்தின் காரத்தன்மையைக் கூட்டி, எலும்பிலிருந்து கால்சியம் வருவதைத் தடுக்கும். கறவை வற்றிய மாட்டுக்கும் கறவை மாட்டின் அடர்தீவனத்தையே கொடுக்கும் தோட்டங்களில் இது அடிக்கடி நடக்கிறது. சினை மாட்டுக்குக் கடைசி 3 வாரம் டிடிஜிஎஸ்ஸை ஒரு கிலோவுக்குள் வையுங்கள், தவிட்டை அரை கிலோவோடு நிறுத்துங்கள். கழுவு நீர் பாயாத வயலின் புல்லையும் தட்டையும் கொடுங்கள். அந்த 3 வாரமும் கால்சைட், கால்சியம் டானிக் எதுவும் வேண்டாம். அப்போது வெளியிலிருந்து தாராளமாகக் கால்சியம் வந்துகொண்டிருந்தால் எலும்பிலிருந்து எடுக்கும் வேலையை உடம்பு தள்ளிப்போட்டுவிடும். கன்று போட்ட அன்றிலிருந்து ஆரம்பியுங்கள். ஒருமுறை படுத்த மாடு அடுத்த ஈற்றிலும் படுக்க வாய்ப்பு அதிகம் என்பதால், நாள் நெருங்கும்போதே உங்கள் கால்நடை மருத்துவரிடம் சொல்லி வையுங்கள்.

இனிக் கந்தகம். இதைப் பற்றித் தீவனக் கடையில் யாரும் பேசுவதில்லை, மூட்டையிலும் அச்சிடுவதில்லை. ஆலையில் புளிப்பு நிலையைச் சரிசெய்யவும் கலன்களைக் கழுவவும் கந்தக அமிலம் பயன்படுகிறது. அதன் எச்சம் டிடிஜிஎஸ்ஸில் தங்கிவிடும். மக்காச்சோளத்தில் 0.1 சதவீத அளவில் இருக்கும் கந்தகம் டிடிஜிஎஸ்ஸில் 0.3இலிருந்து 1 சதவீதம் வரைக்கும், சில சமயம் அதற்கு மேலும் போகும். மூன்றால் பெருக்கிக் கணக்குப் போட முடியாத தாது இது. ஒரே ஆலையில் இந்த வாரச் சரக்குக்கும் அடுத்த வாரச் சரக்குக்கும் வித்தியாசம் வரும். சாராயம் வடித்த பிறகு மிஞ்சும் நீரைச் சுண்டவைத்த பாகைக் கடைசியில் எவ்வளவு தெளித்து உலர்த்தினார்கள் என்பதைப் பொறுத்தும் மாறும். பாஸ்பரஸ், பொட்டாசியம், சோடியம், கந்தகம் எல்லாம் அந்தப் பாகில்தான் மிகுதி. மூட்டையில் கெட்டியான உருண்டைகள் கிடந்தால் அவை பெரும்பாலும் பாகு உருண்டைகளே. ஒரு மாட்டுக்கு உருண்டையும் இன்னொன்றுக்குத் தூளும் விழாமல் உடைத்துக் கலந்து வையுங்கள்.

உங்களுக்குத் தண்ணீரும் சேர்ந்துகொண்டது. நொய்யல் ஓரத்துக் கிணறுகளில் உப்பு ஏறியிருப்பது எல்லாருக்கும் தெரியும். சாயம் துணியில் ஏறுவதற்குப் பயன்படும் உப்புகளில் சோடியம் சல்பேட்டும் ஒன்று. சல்பேட்டின் எடையில் மூன்றில் ஒரு பங்கு கந்தகம். 900 மில்லிகிராம் சல்பேட் என்றால் லிட்டருக்கு 300 மில்லிகிராம் கந்தகம். மாடு ஒரு நாளைக்கு 60 லிட்டர் குடித்தால் 18 கிராம். சித்திரை வெயிலில் 80 லிட்டர் குடித்தால் 24 கிராம். 3 கிலோ டிடிஜிஎஸ்ஸில் ஈரம் போகக் கந்தகம் 0.7 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் அதிலிருந்து சுமார் 19 கிராம், புல், தட்டு, தவிட்டிலிருந்து 15 கிராம். எல்லாம் சேர்த்து 52 கிராம். மாடு தின்னும் உலர்பொருள், அதாவது ஈரம் நீக்கிய தீவன எடை, 12 கிலோ என்பதால் 0.43 சதவீதம் ஆகிறது. புல்லும் தட்டும் நிறையத் தின்னும் மாட்டுக்கு 0.5 சதவீதம் உச்ச வரம்பு, அடர்தீவனமே பெரும்பங்கு என்றால் 0.3. ஆகவே சாதாரண நாளில் நீங்கள் வரம்புக்குள் இருக்கிறீர்கள். கந்தகம் 1 சதவீதம் உள்ள சரக்கு வந்தாலே வரம்பைத் தொட்டுவிடும், அது வெயில் காலமாகவும் இருந்தால் தாண்டிவிடும்.

வரம்புக்குக் கீழே இருந்தாலும் கந்தகம் சும்மா இருப்பதில்லை. முதல் வயிற்றில் அது சல்பைடாக மாறி, தாமிரத்தோடு கூடிக் கரையாத பொருளாகிவிடும். தீவனத்தில் உள்ள மாலிப்டினமும் சேர்ந்துகொண்டால் பிடி இன்னும் இறுகும். செலினியம் உறிஞ்சுவதும் குறையும். தீவனத்தில் தாமிரம் இருந்தும் உடம்புக்குப் போய்ச் சேராது. கறுப்பு மயிர் செம்பட்டையாவது, கண்ணைச் சுற்றி மயிர் வெளுப்பது, சினை நிற்காமல் போவது எல்லாம் தாமிரக் குறைவோடு ஒத்துப்போகின்றன. சினை நிற்காமைக்குக் கருப்பைப் புண், பருவ நேரம் தப்பி ஊசி போடுவது என்று வேறு பல காரணங்களும் உண்டு. அதனால் டாக்டரைக் கொண்டு கருப்பையைச் சோதித்துவிடுங்கள். ஆனால் மயிர் நிறமும் தண்ணீர் முடிவும் ஒன்றாக நிற்கும்போது தாமிரத்தை ஒதுக்கிவிட முடியாது. 12 கிலோ உலர்பொருள் தின்னும் மாட்டுக்கு நாளொன்றுக்குச் சுமார் 120 மில்லிகிராம் தாமிரம் வேண்டும், கந்தகம் மிகுந்த இடத்தில் இன்னும் கூடுதலாக. ஐஎஸ்ஐ தரத்தின்படி தயாரித்த தாது உப்புக் கலவை 50 கிராமில் 50 மில்லிகிராம் தாமிரமும் 400 மில்லிகிராம் துத்தநாகமும் கிடைக்கும். நீங்கள் கலவையை நிறுத்தியதில் போனது இதுதான். அதற்காக மயில்துத்தத்தை (தாமிர சல்பேட்) வாங்கி நீங்களாகவே கலக்காதீர்கள். அளவு தவறினால் கல்லீரலில் சேர்ந்து நஞ்சாகும், அதோடு அதுவும் சல்பேட்தான்.

கந்தகம் எல்லை மீறினால் மூளையைத் தாக்கும். புதுத் தீவனத்துக்கு மாறிய முதல் ஒரு மாதத்தில்தான் இது பெரும்பாலும் வரும். மாடு தலையை மேலே தூக்கி வெறித்துப் பார்ப்பது, கண் தெரியாமல் சுவரில் முட்டுவது, தலையைத் தூணில் வைத்து அழுத்துவது, தள்ளாடுவது, ஏப்பத்தில் அழுகிய முட்டை நாற்றம் வருவது ஆகியவை அடையாளங்கள். இவற்றில் ஒன்றைப் பார்த்தாலும் டிடிஜிஎஸ்ஸை உடனே நிறுத்தி, அந்த நேரமே மருத்துவரை அழையுங்கள். தயமின் (வைட்டமின் பி1) ஊசியை முதல் சில மணி நேரத்துக்குள் போட்டால்தான் பிழைக்க வாய்ப்பு. மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடிய நோய் இல்லை.

இனி என்ன செய்வது. டிடிஜிஎஸ் 2 கிலோ, கோதுமைத் தவிடு 1 கிலோ, மக்காச்சோள மாவு 1 கிலோ, தேங்காய்ப் புண்ணாக்கு 1 கிலோ என்று மாற்றுங்கள். காங்கயம் பக்கத்திலேயே தேங்காய்ப் புண்ணாக்கு தாராளமாகக் கிடைக்கிறது, பழையதாகக் காறல் வாடை அடிப்பதை மட்டும் வாங்காதீர்கள். கோ-4 புல்லை 15 கிலோவாக்கி, 5 கிலோ வேலிமசால் சேருங்கள். பயறுவகைத் தீவனத்தில்தான் கால்சியம் இருக்கிறது. பச்சையாக ஒரு கிலோவில் 3 கிராம் வரைக்கும் கிடைக்கும், அதில் கோ-4 அளவுக்கு ஆக்சலேட் தொல்லையும் கிடையாது. வரப்பு ஓரங்களில் ஒருமுறை விதைத்துவிட்டால் ஆண்டுக்கணக்கில் அறுக்கலாம். இதோடு தாது உப்புக் கலவை 50 கிராம், கால்சைட் பொடி 60 கிராம், சாதா உப்பு 30 கிராம். உங்கள் தண்ணீரே உப்பாக இருந்தால் உப்பைப் பாதியாக்குங்கள். இந்தக் கணக்கில் கால்சியம் 78 கிராமும் பாஸ்பரஸ் 56 கிராமும் வருகின்றன. பாஸ்பரஸ் இன்னும் தேவைக்கு மேல்தான், ஆனால் விகிதம் நேராகிவிட்டது. வேலிமசால் வளர்ந்து அறுப்புக்கு வரும் வரைக்கும் கால்சைட்டை 100 கிராமாக வையுங்கள். டிடிஜிஎஸ்ஸை 2 கிலோவாகக் குறைத்ததால் கந்தகத்திலும் நாளொன்றுக்கு 6 கிராம் குறைகிறது.

பொருள் வாங்குவதில் கவனம் வேண்டும். "கால்சியம்" என்று கேட்டால் பலர் டிசிபி என்ற டைகால்சியம் பாஸ்பேட்டைக் கொடுத்துவிடுவார்கள். அதில் கால்சியம் 23 சதவீதம் இருந்தாலும் பாஸ்பரஸும் 18 சதவீதம் இருக்கிறது. உங்களுக்குத் தேவை பாஸ்பரஸ் இல்லாத, தீவனத் தரமுள்ள கால்சைட் பொடி. அதில் 36இலிருந்து 38 சதவீதம் கால்சியம். நாமக்கல் கோழித் தீவன ஆலைகள் மூட்டை மூட்டையாக வாங்கும் பொருள் என்பதால் நம் பக்கம் தட்டுப்பாடே கிடையாது, விலையும் குறைவு. கோலமாவுக்கு அரைத்த கல்பொடியை வாங்காதீர்கள், அதில் மணலும் மற்றக் கற்களும் கலந்திருக்கும். வினிகரில் ஒரு சிட்டிகை போட்டால் நல்ல கால்சைட் நுரைத்து, மெல்ல மெல்லக் கரையும். அடியில் மணல் தங்கினால் திருப்பிக் கொடுங்கள். சிலர் சுண்ணாம்பைக் கரைத்துத் தெளிந்த தண்ணீரை மாட்டுக்கு ஊற்றுகிறார்கள். அந்தத் தெளிவில் லிட்டருக்கு 1 கிராம் கால்சியம்கூட இருக்காது, குறையும் 20 கிராமை அதனால் நிரப்ப முடியாது. கரையாத சுண்ணாம்பையே கொடுத்தால் வாயும் உணவுக்குழலும் வெந்துவிடும். கால்சியம் டானிக் பாட்டில்கள் பலவற்றில் பாஸ்பரஸும் சேர்ந்திருக்கும், லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

கொடுக்கும் முறையில் நம் பக்கம் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. தவிடு, புண்ணாக்கு, தாது உப்பு எல்லாவற்றையும் தொட்டித் தண்ணீரில் கரைத்துத் தண்ணி காட்டுவது நமக்குப் பழக்கம். கால்சைட்டும் தாது உப்பும் கல்பொடிகள், தண்ணீரில் கரையாமல் தொட்டியின் அடியில் தங்கிவிடும். மாடு மேலே இருப்பதைக் குடித்துவிட்டுப் போய்விடும், வாரத்துக்கு ஒருமுறை தொட்டி கழுவும்போது அத்தனையும் சாக்கடைக்குப் போகும். முதலில் ஒரு கை தவிட்டில் பொடிகளைக் கலந்துகொள்ளுங்கள், பிறகு மொத்த அடர்தீவனத்தோடு சேருங்கள், தண்ணீர் தெளித்துப் பிசறி, புட்டு மாவுப் பதத்தில் வையுங்கள். காலை, மாலை இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். தண்ணீரைத் தனியாகக் காட்டுங்கள்.

தண்ணீருக்கு எளிய வழி கலப்புதான். காய்ச்சினால் சல்பேட் போகாது. குடிநீர்க் குழாய்த் தண்ணீரோ பண்ணைக்குட்டை மழைநீரோ கிடைத்தால் பாதிக்குப் பாதி கலந்து, சல்பேட்டை 500க்குக் கீழே கொண்டுவாருங்கள். அந்த நல்ல தண்ணீர் கொஞ்சம்தான் இருக்கிறதென்றால் முதலில் கன்றுகளுக்கும் நிறை சினை மாடுகளுக்கும் கொடுங்கள். பங்குனி, சித்திரையில் இன்னொரு முறை பரிசோதியுங்கள், நீர்மட்டம் இறங்கும்போது உப்பு ஏறும். பாட்டிலில் பிடிப்பதற்கு முன் மோட்டாரைப் பத்து நிமிடம் ஓட விடுங்கள்.

ஒவ்வொரு லோடு டிடிஜிஎஸ்ஸுக்கும் பரிசோதனை செய்யச் சொல்ல மாட்டேன், அது நடக்காது. ஆனால் நீங்களும் பக்கத்துத் தோட்டக்காரர்களும் சேர்ந்து வாங்குவதாக இருந்தால், புது ஆலைச் சரக்கு வரும்போது ஒரு தடவையாவது நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவனப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புங்கள். ஐந்தாறு மூட்டைகளில் மேலும் நடுவிலும் அடியிலுமாகக் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர் இரண்டு பங்கைத் தள்ளி, மறுபடி கலந்து, அரை கிலோ வரும் வரைக்கும் இப்படிச் செய்து ஈரம் புகாத உறையில் கட்டுங்கள். கால்சியம், பாஸ்பரஸ், கந்தகம் மூன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள், கேட்காவிட்டால் புரதமும் நாரும் மட்டும் பார்த்து அனுப்பிவிடுவார்கள். அஃப்ளாடாக்சினையும் யூரியாவையும் சேர்த்துக் கேளுங்கள். மக்காச்சோளத்தில் பூஞ்சை நஞ்சு இருந்தால் அதுவும் மூன்று மடங்காகச் செறிந்து, பாலுக்கும் வந்துவிடும். புரதத்தைக் கூட்டிக் காட்ட யூரியா கலப்பதும் நடக்கிறது. நிறத்தையும் பாருங்கள். பொன்னிறம் நல்லது, கருகிய பழுப்பு என்றால் உலர்த்தும்போது சூடு மிஞ்சி, புரதம் வீணாகியிருக்கிறது. நொய்யரிசியிலிருந்து வரும் டிடிஜிஎஸ்ஸுக்கு மேலே சொன்ன எண்களை அப்படியே வைக்காதீர்கள். அதில் புரதம் 40 சதவீதத்துக்கு மேல் போகும். தவிடு நீக்கிய அரிசி என்பதால் பாஸ்பரஸ் குறைவாக இருக்கும், கால்சியம் அதிலும் கிடையாது. புதுச் சரக்குக்கு மாறும்போது பழையதோடு கலந்து, இரண்டு மூன்று வாரத்தில் படிப்படியாக மாற்றுங்கள்.

கிடாய் செத்தது மனதுக்குக் கஷ்டமான விஷயம், மிச்சம் ஏழையும் காப்பாற்றியாக வேண்டும். ஆடு, மாடுகளில் மிஞ்சிய பாஸ்பரஸ் சாதாரணமாக எச்சில் வழியாக வயிற்றுக்குத் திரும்பி, சாணத்தோடும் புழுக்கையோடும் போய்விடும். தழை தின்று அசை போட்டால்தான் எச்சில் ஊறும். அடர்தீவனம் கூடித் தழை குறைந்தால் எச்சில் குறையும், பாஸ்பரஸ் மூத்திரத்துக்குத் திரும்பும், அங்கே மக்னீசியத்தோடு சேர்ந்து மணல் மணலாகக் கல் கட்டும். கிடாயின் மூத்திரக்குழல் குறுகலாகவும் வளைந்தும் இருப்பதால் அங்கே அடைக்கிறது. பெட்டை ஆட்டுக்கும் கல் வரலாம், ஆனால் வெளியே போய்விடும். குட்டியிலேயே விதை நீக்கிய கிடாய்க்குக் குழல் இன்னும் ஒடுங்கியிருக்கும். உங்கள் கிடாய்கள் தின்றதில் பாஸ்பரஸ் 5 கிராமுக்கு அருகில், கால்சியம் 2 கிராம்தான். கிடாய்க்குப் பாஸ்பரஸைப் போல இரண்டு மடங்காவது கால்சியம் வேண்டும்.

தவிட்டை முற்றிலும் நிறுத்துங்கள். டிடிஜிஎஸ் 100 கிராம், உடைத்த மக்காச்சோளம் 150 கிராம் போதும். நாளொன்றுக்கு ஒன்றரை கிலோ தழை கொடுங்கள். வேம்பு, வாகை, கல்யாண முருங்கை, சவுண்டல் எது கிடைத்தாலும் சரி, சவுண்டலை மட்டும் மூன்றில் ஒரு பங்கோடு நிறுத்துங்கள். தழை கிடைத்தால் அதிலேயே கால்சியம் போதிய அளவு வந்துவிடும். கிடைக்காத நாளில் 8 கிராம் கால்சைட் சேருங்கள். அடர்தீவனத்தில் 1 சதவீதம் உப்பு போட்டு, தொட்டியில் எந்நேரமும் தண்ணீர் வையுங்கள். மூத்திரத்தைப் புளிப்பாக்கிக் கல்லைக் கரைக்க நவச்சாரம், அதாவது அம்மோனியம் குளோரைடு, அடர்தீவனத்தில் 1 சதவீதம் வரை சேர்ப்பதுண்டு. தீவனத் தரச் சரக்கை, டாக்டரிடம் கேட்டுக்கொண்டு பயன்படுத்துங்கள். கிடாய் முதுகை வளைத்து முக்குவது, வாலை ஆட்டிக்கொண்டே நிற்பது, மூத்திரம் சொட்டுச் சொட்டாக வருவது, மயிர் நுனியில் வெள்ளை மணல் ஒட்டியிருப்பது இவற்றில் எதைக் கண்டாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். மூத்திரம் போகட்டும் என்று மருந்து கொடுத்து நீரைக் கூட்டினால், அடைத்த பை வெடித்துவிடும்.

செம்மறி வைத்திருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் ஒன்று சொல்லிவிடுங்கள். மாட்டுக்கான தாது உப்புக் கலவையை செம்மறிக்கு மாதக்கணக்கில் கொடுக்கக் கூடாது. மாட்டுக்குத் தேவைப்படும் தாமிர அளவே செம்மறிக்கு நஞ்சாகும். ஸ்காட்லாந்தில் விஸ்கி காய்ச்சும் செம்புக் கலன்களிலிருந்து கரைந்த தாமிரம் சக்கையில் சேர்ந்து, அதைத் தின்ற செம்மறிகள் செத்த வரலாறு உண்டு. நம் எத்தனால் ஆலைகளில் பெரும்பாலும் எவர்சில்வர்க் கலன்கள் என்பதால் அந்தப் பயம் இல்லை. இங்கே ஆபத்து கலவை மூட்டையிலிருந்துதான் வரும்.

கடைசியாக அந்தக் கறுப்புப் பாகு. தானிய ஆலையில் வருவதும் கரும்பாலைச் சாராய ஆலையில் வருவதும் ஒன்றல்ல. மொலாசஸை, அதாவது சர்க்கரை எடுத்த பிறகு மிஞ்சும் கரும்புப் பாகைப் புளிக்க வைத்துச் சாராயம் வடித்த பிறகு மிஞ்சும் கழிவு நீரைச் சுண்டக் காய்ச்சியதுதான் உங்களுக்குச் சொன்ன பாகு. மொலாசஸின் இனிப்பு முழுதும் சாராயமாகப் போய்விட்டது. நிறமும் பிசுபிசுப்பும் மட்டும் மொலாசஸைப் போலத் தெரியும். கரும்பிலிருந்து வந்த பொட்டாசியமும், ஆலையில் சேர்த்த கந்தக அமிலத்தின் சல்பேட்டும் அதில் செறிந்து நிற்கும். உலர்ந்த நிலையில் கணக்கிட்டால் பொட்டாசியம் மட்டுமே 5 சதவீதத்தைத் தாண்டும். அவ்வளவு பொட்டாசியம் முதல் வயிற்றில் மக்னீசியம் உறிஞ்சப்படுவதைத் தடுக்கும், சாணி இளகும், சினை மாட்டுக்குப் பால் காய்ச்சல் அபாயம் கூடும். கந்தகமோ உங்கள் தண்ணீரிலேயே வேண்டிய மட்டும் இருக்கிறது. தட்டுக்கு ருசி சேர்க்க வேண்டுமானால் மொலாசஸையே வாங்கி, ஒரு மாட்டுக்கு கால் கிலோவைத் தண்ணீரில் கரைத்து, தெளித்து வையுங்கள். விற்பவர் மொலாசஸ் என்று சொன்னால் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். இனிக்காமல் உப்பும் புளிப்பும் கசப்புமாக இருந்தால் அது வடித்த கழிவு. லோடை இறக்க வேண்டாம்.